ஹெரால்டும் அதன் தம்பியும்

எங்கள் தெரு டாக்டர் மாமாவிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பானெட்டைத் திறந்தால் பையன்கள் எல்லாரும் சுற்றி நின்றுவிடுவோம். மற்ற கார்களில் மூடி மட்டும்தான் எழும்பும். ஹெரால்டிலோ மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் கவிழும். மாமா முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து என்ஜினைத் துடைப்பார்.

அந்தச் சாதுவான காருக்கு இங்கிலாந்தில் ஒரு துடுக்கான தம்பி உண்டு என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அதன் பெயர் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர்.

ஹெரால்டு 1959-இல் கவென்ட்ரியில் பிறந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கலாட்டி. 1961 முதல் நம் சென்னையிலும் தயாரானது. அதே சேஸியை வைத்து மிக்கலாட்டி ஒரு ஸ்போர்ட்ஸ் காரும் வரைந்திருந்தார். கம்பெனியில் பணம் இல்லாததால் அதன் மாதிரி வண்டி தொழிற்சாலை மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. 1961-இல் கம்பெனியை வாங்கிய லேலண்ட்காரர்கள் அதைக் கண்டெடுத்தார்கள். 1962-இல் ஸ்பிட்ஃபயர் வெளிவந்தது.

இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஹெரால்டின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 91.5 அங்குலம், ஸ்பிட்ஃபயரில் 83. முதல் ஹெரால்டுக்கு 948 சி.சி., ஒரு கார்புரேட்டர், ஏறக்குறைய 35 குதிரைத்திறன், மணிக்கு 70 மைல். தம்பிக்கு 1147 சி.சி., இரண்டு கார்புரேட்டர், 63 குதிரைத்திறன், 90 மைல். அண்ணனில் குடும்பமே ஏறலாம். தம்பியில் இரண்டே பேர்.

சொத்தோடு குறையும் சேர்ந்தே வந்தது. பின் ஆக்சில் நடுவில் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு சக்கரமும் தனியாக ஏறி இறங்கும். குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங். வேகமான திருப்பத்தில் ஓட்டுகிறவர் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பாகம் எழும்பி, சக்கரம் உள்ளே மடங்கி, வண்டி சுழன்றுவிடும். நாற்பது மைலைத் தாண்டாத குடும்பஸ்தர் இதைப் பார்த்தே இருக்கமாட்டார். ஸ்பிட்ஃபயர் ஓட்டிய இளைஞர்கள் பார்த்தார்கள்.

இதற்கு இரண்டு ஊர்களில் இரண்டு வைத்தியம் நடந்தது. இங்கிலாந்தில் 1970-இல் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4-இல், ஸ்பிரிங் நடுவில் சாய்ந்தாடும்படி மாற்றினார்கள். நம் மெக்கானிக்குகளுக்கோ அந்தப் பிரிந்த ஆக்சிலே பிடிக்கவில்லை. ஹெரால்டின் வாரிசாகச் சென்னையில் தயாரான கேஸலில் அதை எடுத்துவிட்டு, லாரிக்கு இருப்பதுபோல் ஒரே ஆக்சிலைப் போட்டுவிட்டார்கள். சொகுசு குறைந்தது, தொல்லையும் குறைந்தது. கேஸல் 1977 வரை வந்தது. ஸ்பிட்ஃபயர் 1980 வரை, மூன்று லட்சத்துக்கு மேல்.

எது நல்ல கார் என்றால் நான் நடுநிலை இல்லை. ஒரு ராத்திரி அம்மாவுக்குப் பிரசவ வலி வந்தபோது, டாக்டர் மாமா எங்கள் குறுகலான தெருவில் ஹெரால்டை ஒரே வெட்டில் திருப்பி நிறுத்தினார். அந்த வண்டி 25 அடியில் திரும்பிவிடும். அப்பா முன்னால், அம்மாவும் பாட்டியும் பின்னால். தம்பி வண்டியாக இருந்திருந்தால் அப்பாவும் பாட்டியும் ரிக்‌ஷா தேடியிருக்க வேண்டும். விடிவதற்குள் எனக்கு ஒரு தங்கை பிறந்துவிட்டாள்.