ஒரு விரலா, இரண்டு விரலா?

பணியில் இருந்த காலம் முழுவதும் எனக்கு வரைபடத்தோடுதான் பிழைப்பு. நில அளவைத் துறையில் புலப்படச் சுவடியை மேஜையில் விரித்தால், அது கிடந்த இடத்தில் கிடக்கும். நம் விரல்தான் வாய்க்காலையும் வரப்பையும் தேடி ஓடும். இப்போது கதை தலைகீழ். விரல் பட்டதும் ஊரே ஓடுகிறது. இது எப்படி வந்தது என்று எழுதிவைக்கத் தோன்றியதற்குக் காரணம் என் அக்கா.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன அதே நாட்கள். இங்கே ஆழ்வார்திருநகரியில் என் வீட்டில் கரண்டும் இல்லை, செல்போனில் சிக்னலும் இல்லை. சென்னையில் அக்கா தவித்துப்போனாள். பக்கவாதம் வந்ததிலிருந்து அவளுக்கு வலது கை எழும்பாது. இடது கையில் போனைப் பிடித்து, அந்தக் கைக் கட்டைவிரலால்தான் தள்ளுவாள். யாரோ அனுப்பிய ஒரு வலைப்பக்கத்தில் வெள்ளம் சூழ்ந்த ஊர்களின் வரைபடம் இருந்தது. உதவி எண்கள் அதற்கு அடியில்.

"நம்பரைப் பாக்கலாம்னு விரலை இழுத்தா படம்லா நவுருது, பக்கம் நவுர மாட்டேங்கு தம்பி. கடைசில கடலுக்குள்ள போயி நிக்கேன்" என்று பிறகு சொன்னாள். நான்காம் நாள் என் குரலைக் கேட்கும்வரை அவளுக்குத் தூக்கமில்லை.

தவறு அவள் விரலில் இல்லை. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

1996-ல் மேப்குவெஸ்ட் இணையத்துக்கு வந்தபோது, படத்தை நகர்த்த அம்புக்குறியைத் தட்ட வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் பக்கம் முழுவதும் புதிதாக வரும்வரை காத்திருக்க வேண்டும். 2005 பிப்ரவரி 8 அன்று கூகுள் மேப்ஸ் வந்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ராஸ்முசென் சகோதரர்கள் தொடங்கிய சிறு நிறுவனத்தின் வேலை அது. படத்தைச் சதுரச் சதுரமாக வெட்டிவைத்து, தேவைப்படும் சதுரத்தை மட்டும் கொண்டுவந்தார்கள். அதனால் மவுஸால் பிடித்து இழுத்தாலே போதும் என்றாயிற்று. அந்த ஆண்டே, மற்றவர்களும் தங்கள் வலைத்தளத்தில் இந்தப் படத்தைப் பதித்துக்கொள்ள வழி செய்தார்கள்.

2007-ல் ஐபோன் வந்தது. வம்பும் வந்தது. பக்கத்தைக் கீழே தள்ளுவதும் ஒரு விரல், படத்தை நகர்த்துவதும் அதே ஒரு விரல். செல்போனில் படம் திரையின் அகலத்தையே அடைத்துக்கொண்டால், விரல் வைக்கக் கரையேது? அக்கா கடலுக்குள் போனது இப்படித்தான்.

இதற்குக் கூகுள் 2016-ல் ஒரு வழி சொன்னது. படம் விரலோடு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை வலைத்தளம் அமைப்பவரே தேர்ந்தெடுக்கலாம். ஒன்றுக்குப் பெயர் 'கிரீடி'. பேராசைக்காரன்; எல்லா விரலையும் படமே எடுத்துக்கொள்ளும். மற்றொன்று 'கோ-ஆபரேட்டிவ்'. கூட்டுறவுச் சங்கம் நமக்குத் தெரியாததா? ஒரு விரல் வைத்தால் பக்கம் நகரும்; இரண்டு விரல் வைத்தால்தான் படம் நகரும். மறந்து ஒரு விரல் வைத்தால், இரண்டு விரலைப் பயன்படுத்தச் சொல்லி ஒரு வாசகமும் வரும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அக்காவுக்கு இரண்டாவது விரல் எங்கே? இப்போது அவளால் படத்தைத் தாண்ட முடியும். படத்தில் நம் ஊரைத் தேட முடியாது.

வலைத்தளங்களுக்குப் பொதுவிதி வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இவளைப் போன்றவர்களையும் நினைத்தது. 2018 ஜூனில் வந்த விதி: பல விரல்களால் செய்வதை ஒரே விரலாலும் செய்ய வழி வேண்டும். 2023 அக்டோபரில் வந்த விதி: இழுத்துச் செய்வதை, இழுக்காமல் தட்டியும் செய்ய வழி வேண்டும். அதாவது பெரிதாக்கக் கூட்டல் குறி, சிறிதாக்கக் கழித்தல் குறி, நகர்த்த அம்புக்குறி. 1996-ல் இருந்த அதே அம்புக்குறிதான்! பழசு என்று ஒதுக்கியது, கை நடுங்குகிறவர்களுக்காகத் திரும்பி வருகிறது. இரண்டாவது விதி வெளியாகி இரண்டே மாதத்தில் நம் ஊரில் வெள்ளம். அக்கா பார்த்த பக்கத்துக்கு அந்தச் சேதி எட்டியிருக்கவில்லை.

உங்கள் பேரன் பேத்திகள் யாராவது கோயிலுக்கோ கடைக்கோ வலைத்தளம் அமைத்தால் இரண்டு விஷயம் சொல்லுங்கள். தொலைபேசி எண்ணை வரைபடத்துக்கு மேலே போடட்டும். முடித்ததும் போனை இடது கையில் பிடித்து, கட்டைவிரலால் மட்டும் ஒருமுறை தள்ளிப் பார்க்கட்டும்.