அனாமத்துக் கணக்கில் ஒரு மியூவான்

பி.காம் படிக்கிறவனுக்கு இயற்பியலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். காரணம் இருக்கிறது.

போன லீவில் நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸில் கணக்கு எழுதப் போனேன். மாதக் கடைசியில் ரொக்க ஏட்டுக்கும் கையிருப்புக்கும் 2,700 ரூபாய் இடித்தது. டீசலுக்குப் பணம் வாங்கிப்போன டிரைவர் அண்ணன் மேல்தான் எல்லாருக்கும் சந்தேகம், எனக்கும் சேர்த்து. வயசான கணக்குப்பிள்ளை மட்டும், "2,700 ஒன்பதால வகுபடுது. இலக்கம் இடம் மாறியிருக்கும். முதல்ல ஏட்டைப் பாரு தம்பி" என்றார். 7,400 என்று எழுத வேண்டிய செலவை நான் 4,700 என்று எழுதியிருந்தேன்! அந்த அண்ணனை இன்னும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இதே மாதிரி ஒரு கணக்கு, உலகின் பெரிய ஆய்வகங்களில் 24 வருடம் இடித்துக்கொண்டிருந்தது. அதன் நாயகன் மியூவான்.

மியூவான் என்பது எலெக்ட்ரானின் குண்டு அண்ணன். எடை சுமார் 207 மடங்கு, ஆயுள் ஒரு நொடியில் 10 லட்சத்தில் 2 பங்கு. 1936-ல் விண்ணிலிருந்து வரும் கதிர்களில் கண்டுபிடித்தார்கள். இதைப் படிக்கும் இந்த நிமிடத்தில்கூட உங்கள் உள்ளங்கையைப் பல மியூவான்கள் துளைத்துப் போகின்றன. நம்ம பக்கமும் இதற்கு வரலாறு உண்டு. கிருஷ்ணகிரி சேலம் மாவட்டத்தில் இருந்த காலம் அது. அதற்கு வடக்கே, நம் தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் உழைத்த கோலார் தங்கவயலில், 1951-ல் ஹோமி பாபா சொல்லி, பி.வி. ஸ்ரீகண்டன் கருவிகளோடு சுரங்கத்துக்குள் இறங்கி, எந்த ஆழத்தில் எத்தனை மியூவான் என்று எண்ணினார்.

சரி, கணக்குக்கு வருவோம். மியூவான் ஒரு குட்டிக் காந்தம். அதன் காந்த பலத்தைக் காட்டும் எண் சரியாக 2 என்கிறது டிராக்கின் 1928 சமன்பாடு. உண்மையில் 2-ஐவிடக் கொஞ்சம் அதிகம். வெற்றிடத்தில் தோன்றித் தோன்றி மறையும் துகள்கள்தான் அந்த உபரிக்குக் காரணம். அந்த உபரியில் பாதியைத்தான் கணக்கில் வைக்கிறார்கள்: சுமார் 0.00116. நமக்குத் தெரியாத துகள் ஏதாவது இருந்தால், அதுவும் இந்த எண்ணின் கடைசி இலக்கங்களில் தன் பங்கை எழுதிவிடும்.

ஆக இரண்டு ஏடுகள். ஒன்று அளந்தது, இன்னொன்று கோட்பாட்டில் கணக்கிட்டது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகம், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று அறிவித்தது. (அதே மாதக் கடைசியில்தான் கோலார் சுரங்கம் மூடப்பட்டது.) உடனே மீச்சீர்மைத் துகள்கள் வந்துவிட்டன என்று கட்டுரைகள் குவிந்தன. அந்த வருடமே பிரான்ஸில் இருவர் ஏட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். கோட்பாட்டுக் கணக்கின் ஓர் உறுப்பில் கழித்தலும் கூட்டலும் மாறியிருந்தது! பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதிய கதை. திருத்தியதும் வித்தியாசம் சுருங்கியது. ஆனால் புரூக்ஹேவனில் அளவு இன்னும் துல்லியமானபோது மறுபடி பெரிதானது.

2013-ல் அந்த 15 மீட்டர் அகலக் காந்த வளையத்தைப் பிரிக்காமல், படகிலும் டிரெய்லரிலும் ஏற்றி, சிகாகோ பக்கமுள்ள ஃபெர்மிலாபுக்குக் கொண்டு போனார்கள். நம்ம ஊர் டிரெய்லர்காரர்கள் பார்த்திருந்தால் விசிலடித்திருப்பார்கள் :) அங்கே ஒரு நல்ல ஏற்பாடு. அளக்கும் கடிகாரத்தின் சரியான வேகம் அளப்பவர்களுக்கே தெரியாது. குழுவுக்கு வெளியே இருவர் அதை ரகசியமாக வைத்திருந்தார்கள். விடையை மனதில் வைத்து யாரும் கணக்கைத் தள்ளக்கூடாதே!

2021 ஏப்ரல் 7-ல் ஃபெர்மிலாப் முடிவு, புரூக்ஹேவன் சரியாகத்தான் அளந்திருக்கிறது என்றது. வித்தியாசம் 4.2 சிக்மா, அதாவது தற்செயலாக வர 40,000-ல் ஒரு வாய்ப்பு. லெப்டோகுவார்க், இருள் ஃபோட்டான், புது இசட் துகள் என்று ஆளாளுக்கு விளக்கம். அன்றே இன்னொரு குழு, கணினியில் வேறு முறையில் போட்ட கோட்பாட்டுக் கணக்கை வெளியிட்டது. அது அளவுக்கு நெருக்கமாக வந்தது. 2025 ஜூன் 3-ல் ஃபெர்மிலாபின் கடைசி முடிவு வந்தது. பிழை 100 கோடியில் 127 பங்கு மட்டுமே. அதற்குச் சில நாள் முன்பு கோட்பாட்டாளர்கள் வெளியிட்ட புது மதிப்போடு அது ஒத்துப்போனது. எலெக்ட்ரான்-பாசிட்ரான் மோதல் தரவுகளை வைத்துப் போட்ட பழைய கணக்குகள் மட்டும் தங்களுக்குள்ளேயே முரண்படுகின்றன. அது ஏன் என்பதுதான் மீதிக் கேள்வி.

இருப்பாய்வு சமப்படாவிட்டால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் வைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பிழை தெரியும்வரை அதற்குப் பெயர் வைக்கக்கூடாது. கோலாரிலும் 1980-களின் தொடக்கத்தில் புரோட்டான் சிதைவதுபோலச் சில பதிவுகள் கிடைத்துப் பரபரப்பானது. பிறகு வந்த பெரிய கருவிகள் எதிலும் அது தெரியவில்லை. அளந்தவர்கள் மேல் குற்றமில்லை. அளவு நின்றது, அவசரமாக வைத்த பெயர்தான் நிற்கவில்லை.

புதுத்துகள் வரவில்லையே என்று சிலருக்கு வருத்தம். எனக்கென்னவோ, வித்தியாசத்துக்கு ஒரு பெயர் எழுதும் முன் ஏட்டை இன்னொரு முறை பார்த்தவர்கள்தான் இதில் பெரிய ஆட்கள். நானும் அப்படிப் பார்த்திருந்தால் ஒரு டிரைவர் அண்ணன் அன்று தலைகுனிந்து நின்றிருக்க மாட்டார்.

இயற்பியல் படிக்கும் நண்பர்கள், தப்பிருந்தால் தலையில் குட்டித் திருத்துங்கள். மறுபடி சந்திப்போம்!