பிலிப்பைன்ஸ் மக்கள் எழுச்சி, 1986

1986 பிப்ரவரி 22 முதல் 25 வரை பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவின் பெருஞ்சாலை ஒன்றில் திரண்ட மக்கள், இருபது ஆண்டுகளாக நாட்டை ஆண்ட ஃபெர்டினாண்ட் மார்கோஸைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பு நடந்த தேர்தலில் அவர் முறைகேடாக வெற்றியைத் தனதாக்கிக்கொண்டதே எழுச்சிக்கு உடனடிக் காரணம். கூட்டம் கூடிய சாலையின் பெயரால் இது எட்சா புரட்சி என்றும், மக்கள் சக்திப் புரட்சி என்றும் அறியப்படுகிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் தெருவுக்கு வந்த நான்கு நாட்களில் பெரிய அளவில் ரத்தம் சிந்தவில்லை. தேர்தல் மோசடிக்கு எதிராகப் பிற நாடுகளில் பின்னர் எழுந்த போராட்டங்கள் பலவும் இதை முன்மாதிரியாகக் கொண்டன.

பின்னணி

மார்கோஸ் 1965இல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1969இல் மறுபடியும் வென்றார். மூன்றாம் முறை போட்டியிட அன்றைய அரசியலமைப்பு இடம் தரவில்லை. பதவிக்காலம் முடிய ஓராண்டுக்கு மேல் இருக்கையில், 1972 செப்டம்பரில், இராணுவச் சட்டத்தை அறிவித்தார். கம்யூனிஸ்டு கிளர்ச்சியும் பாதுகாப்பு அமைச்சர் ஹுவான் போன்சே என்ரிலேயின் கார்மீது நடந்த தாக்குதலும் காரணங்களாகக் காட்டப்பட்டன. அந்தத் தாக்குதல் நாடகம் என்று என்ரிலே தம் வாயாலேயே 1986இல் ஒப்புக்கொண்டார்.

நாடாளுமன்றம் மூடப்பட்டது. பத்திரிகைகளும் வானொலி நிலையங்களும் பூட்டப்பட்டன. மனித உரிமை அமைப்புகளின் கணக்குப்படி, மார்கோஸ் ஆட்சியில் ஏறத்தாழ 70,000 பேர் சிறைவைக்கப்பட்டனர். 34,000 பேர் சித்திரவதைக்கு ஆளாயினர். 3,200க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1981 ஜனவரியில் இராணுவச் சட்டம் விலக்கப்பட்டபோதும், ஆணைகள் மூலம் சட்டம் இயற்றும் அதிகாரத்தை மார்கோஸ் தம்மிடமே வைத்துக்கொண்டார்.

சர்க்கரை, தேங்காய் போன்ற முதன்மை ஏற்றுமதிப் பொருள்களின் வணிகம் அவருடைய நண்பர்களின் கைக்குப் போனது. கரும்பும் தென்னையும் பயிரிட்ட குடியானவர்கள் கேட்ட விலைக்கு விற்க வேண்டியவர்களானார்கள். பட்டானில் 200 கோடி டாலருக்கு மேல் கடன்பட்டுக் கட்டிய அணுமின் நிலையம் ஒரு நாள்கூட மின்சாரம் தரவில்லை. 1983 அக்டோபரில் அரசால் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் போயிற்று. 1984, 1985 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பொருளாதாரம் ஆண்டுக்கு 7 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது.

நினாய் அக்கினோ கொலை

எதிர்க்கட்சித் தலைவர்களுள் முதன்மையானவர் நினாய் என்று மக்கள் அழைத்த பெனிக்னோ அக்கினோ. இராணுவச் சட்டம் வந்ததும் கைதானவர்களுள் முதல்வரிசையில் இருந்தவர் அவர். இராணுவ நீதிமன்றம் 1977இல் அவருக்கு மரண தண்டனை விதித்தது. இதய அறுவைச் சிகிச்சைக்காக 1980இல் அமெரிக்கா போக அனுமதி கிடைத்தது. மூன்றாண்டு கழித்து, ஆபத்து தெரிந்தே ஊர் திரும்பினார். 1983 ஆகஸ்டு 21 அன்று மணிலா விமான நிலையத்தில், விமானத்திலிருந்து படையினர் இறக்கி அழைத்துச் சென்ற சில வினாடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இறுதி ஊர்வலம் மணிலாத் தெருக்களைக் கடக்கப் பகல் முழுதும் ஆயிற்று. அரசியல் பேச அஞ்சிய நடுத்தர வர்க்கம் அன்று தெருவுக்கு வந்தது. அவர் வருகையை வரவேற்கக் கட்டிய மஞ்சள் நாடாக்கள் எதிர்ப்பின் நிறமாயின. கொலைக்குப் படைத்தலைவர் ஃபேபியன் வேர் உள்ளிட்டோர் பொறுப்பு என்று விசாரணைக் குழுவின் பெரும்பான்மையினர் 1984இல் முடிவு சொன்னார்கள். 1985 டிசம்பர் 2 அன்று சிறப்பு நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது.

அவசரத் தேர்தல்

அதற்குள் மார்கோஸ் தாமே தேர்தலை அறிவித்திருந்தார். அமெரிக்க அரசின் நெருக்கடி கூடியபோது, 1985 நவம்பர் 3 அன்று ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நேர்காணலில், பதவிக்காலம் முடியக் காத்திராமல் தேர்தல் நடத்துவதாகச் சொன்னார். எதிர்க்கட்சிகள் பிரிந்து நிற்கும் என்பது அவர் போட்ட கணக்கு. நினாயின் மனைவி கொராசோன் அக்கினோ களம் இறங்கியதும் அது பொய்த்தது. பத்து லட்சம் கையெழுத்து வந்தால் நிற்பேன் என்று அவர் சொல்லியிருந்தார், வந்தது. தானும் தலைமைப் பதவிக்குப் போட்டியிட எண்ணியிருந்த சால்வடோர் லாரெல், கடைசி நேரத்தில் துணைத் தலைவர் வேட்பாளராக இசைந்தார். கம்யூனிஸ்டு கட்சியும் இடதுசாரிக் கூட்டணியான பயானும் தேர்தலைப் புறக்கணித்தன. அது பெரும் அரசியல் பிழை என்று கம்யூனிஸ்டு கட்சி அதே ஆண்டில் ஒப்புக்கொண்டது.

பிப்ரவரி 7 வாக்குப்பதிவு. லட்சக்கணக்கானோர் தங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் இல்லாமல் திரும்பிப் போனார்கள். வாக்குப்பெட்டிகள் பறிக்கப்பட்டன, பணம் விளையாடியது. இவற்றைத் தடுக்க நின்றவர்கள் நாம்ஃப்ரெல் என்ற குடிமக்கள் அமைப்பின் தொண்டர்கள், சுமார் 5 லட்சம் பேர். கன்னியாஸ்திரிகளும் மாணவர்களும் இல்லத்தரசிகளும் கைகோத்து வாக்குப்பெட்டியைச் சூழ்ந்தபடி எண்ணும் இடம்வரை நடந்தார்கள்.

இரண்டு எண்ணிக்கைகள்

தேர்தல் ஆணையமான கோமெலெக் ஒரு கணக்கு வெளியிட்டது. நாம்ஃப்ரெல் வாக்குச்சாவடிச் சான்றிதழ்களை வைத்து இன்னொரு கணக்கு வெளியிட்டது. முன்னதில் மார்கோஸ் முந்தினார், பின்னதில் அக்கினோ. இரண்டும் நாட்டின் கண்முன் ஒரே வேளையில் ஓடின.

எழுச்சியின் உண்மையான தொடக்கத்தை இங்கேதான் பார்க்க வேண்டும். பிப்ரவரி 9 இரவு, கோமெலெக்கின் கணினிப் பிரிவில் வேலைபார்த்த 35 பேர் எண்ணும் கூடத்தைவிட்டு எழுந்து வெளியேறினார்கள். தாங்கள் உள்ளிட்ட எண்ணுக்கும் பலகையில் தெரிந்த எண்ணுக்கும் பொருத்தமில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம். அவர்களுள் பெரும்பாலோர் இளம்பெண்கள். உயிருக்கு அஞ்சி அன்றிரவு பக்லாரன் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தார்கள். அவர்கள் தலைவர்களும் அல்லர், கட்சிக்காரர்களும் அல்லர். மோசடி நடக்கத் தேவைப்பட்ட கைகள் அவர்களுடையவை. அந்தக் கைகளை விலக்கிக்கொண்டார்கள். ஆயுதத்தோடு வந்த எந்தக் கிளர்ச்சியும் மார்கோஸ் ஆட்சிக்கு இப்படி ஓர் அடி கொடுத்ததில்லை என்பது என் துணிபு.

பிப்ரவரி 11 அன்று அன்டிக்கே மாகாணத்தின் முன்னாள் ஆளுநரும் அக்கினோவின் ஆதரவாளருமான எவெலியோ ஹாவியர், வாக்கு எண்ணிக்கையைக் கண்காணித்துக்கொண்டிருந்த ஊரிலேயே பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கத்தோலிக்க ஆயர் பேரவை, இப்படியொரு மோசடித் தேர்தல் முன்பு நடந்ததில்லை என்றும், மோசடியால் ஆட்சியைப் பிடித்த அரசுக்கு அறவழி உரிமை எதுவும் கிடையாது என்றும் அறிக்கை விட்டது. மக்களில் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர்களாக உள்ள நாட்டில் அந்தச் சொல்லுக்கு இருந்த கனம் பெரிது. ஆயினும் பிப்ரவரி 15 அன்று, பழையது மூடப்பட்டபின் புதிதாக அமைந்து மார்கோஸ் கட்சியின் பிடியில் இருந்த நாடாளுமன்றம், அவருக்கு 1,08,07,197 வாக்கும் அக்கினோவுக்கு 92,91,761 வாக்கும் கிடைத்ததாகச் சொல்லி அவரை வெற்றியாளராக அறிவித்தது. மறுநாள் லுனேட்டா திடலில் பெருங்கூட்டத்தின் முன் அக்கினோ ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கினார். மார்கோஸின் நண்பர்களுடைய வங்கிகள், நாளேடுகள், பியர், குளிர்பானம் ஆகியவற்றைப் புறக்கணிக்கச் சொன்னார். வங்கிகளில் பணம் எடுக்க மக்கள் வரிசையில் நின்றார்கள்.

எட்சா: நான்கு நாட்கள்

இதே நேரத்தில் படைக்குள் வேறொரு சதி நடந்துகொண்டிருந்தது. படைச் சீர்திருத்த இயக்கம் என்ற பெயரில் இளம் அதிகாரிகள், என்ரிலேயின் ஆதரவோடு, குடியரசுத் தலைவரின் மலக்கன்யாங் மாளிகையைத் தாக்கி ஆட்சியைப் பிடிக்கத் திட்டமிட்டிருந்தார்கள். அது வெளிப்பட்டுவிட்டது. கைதாவதற்கு முன் பிப்ரவரி 22 மாலை என்ரிலே அகினால்டோ முகாமுக்குள் புகுந்தார். படைத் துணைத்தலைவர் ஃபிடல் ராமோஸ் அவரோடு சேர்ந்தார். மார்கோஸுக்கு இனி ஆதரவில்லை என்று செய்தியாளர்களிடம் அறிவித்தபோது அவர்களோடு இருந்தவர்கள் சில நூறு வீரர்களே. தம் சொந்த மாகாணமான ககாயனில் மார்கோஸுக்குச் சாதகமாக லட்சக்கணக்கில் வாக்கைக் கூட்டிக் காட்டியதையும் என்ரிலே அங்கே ஒப்புக்கொண்டார்.

அன்று இரவு மணிலாப் பேராயர் கர்தினால் ஹைமே சின், வேரித்தாஸ் வானொலியில் பேசினார். முகாமில் இருப்போருக்கு உணவு கொண்டுபோங்கள், அவர்களைக் காத்து நில்லுங்கள் என்று கேட்டார். சிற்றலை வானொலி கேட்ட தமிழர்களுக்கு இந்தப் பெயர் புதிதன்று. வேரித்தாஸின் ஆசியச் சேவை பிலிப்பைன்ஸிலிருந்து தமிழிலும் ஒலிபரப்பி வந்தது. மார்கோஸ் அரசு உண்மைச் செய்திகளை அடைத்துவைத்த காலத்தில், நாட்டு மக்கள் நம்பிய நிலையம் அதுவே.

அகினால்டோ, கிராமே ஆகிய இரு முகாம்களும் எட்சா என்ற பெருஞ்சாலையின் எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ளன. விடிவதற்குள் சாலை நிரம்பத் தொடங்கியது. சோற்றுப் பானையோடு வந்தார்கள், பிள்ளைகளோடு வந்தார்கள், மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முகாமிலிருந்த அதிகாரிகள் பலர் இராணுவச் சட்ட ஆண்டுகளில் கைதுக்கும் சித்திரவதைக்கும் உடந்தையாக இருந்தவர்கள் என்பது கூட்டத்துக்குத் தெரியாததன்று. தெரிந்தும் காத்து நின்றார்கள்.

23ஆம் தேதி காலைக்குள் மாலோலோஸில் இருந்த வேரித்தாஸ் ஒலிபரப்புக் கோபுரம் தகர்க்கப்பட்டது. அறிவிப்பாளர் ஜூன் கீத்லி வேறொரு நிலையத்துக்கு மாறி, இடத்தை மறைத்து, இரவு முழுதும் படை நகர்வுகளைச் சொல்லிக்கொண்டேயிருந்தார். எந்தச் சந்திப்பில் ஆள் குறைகிறது என்று அவர் சொல்லும் இடத்துக்கு மக்கள் ஓடினார்கள். பிற்பகலில் தளபதி அர்தெமியோ தாதியார் தலைமையில் வந்த கவச வண்டிகள் ஒர்த்திகாஸ் சந்திப்பருகே நின்றன. முன்னால் கன்னியாஸ்திரிகள் மண்டியிட்டு ஜெபமாலை சொன்னார்கள். மக்கள் வீரர்களுக்குப் பூவும் தின்பண்டமும் நீட்டினார்கள். எஞ்சின்கள் உறுமின, யாரும் நகரவில்லை. வண்டிகள் திரும்பிப் போயின.

24ஆம் தேதி காலையில் கர்னல் அந்தோனியோ சொதேலோவின் ஹெலிகாப்டர்கள் கிராமே முகாமைத் தாக்க வந்தவைபோல் வட்டமிட்டு, உள்ளே இறங்கி, எழுச்சியாளர்களோடு சேர்ந்துகொண்டன. எழுச்சியாளர்கள் கிராமேயில் இருக்க, அகினால்டோ முகாமுக்குள் புகுந்துவிட்ட கடற்படை வீரர்களின் பீரங்கிகள் கிராமேயைக் குறிபார்த்து நின்றன. சுடும்படி திரும்பத் திரும்பக் கட்டளை வந்தது. கர்னல் பிராவ்லியோ பல்பாஸ் இன்னும் ஆயத்தமாகவில்லை என்று சொல்லியே காலம் கடத்தினார். அதே காலை அரசுத் தொலைக்காட்சியில் மார்கோஸ் தோன்றினார். குண்டு வீச அனுமதி கேட்ட வேரிடம், தாக்க வேண்டாம் என்பதே தம் உத்தரவு என்றார். சற்று நேரத்தில் ஒளிபரப்பு அறுந்தது; நிலையம் எழுச்சியாளர்கள் கைக்குப் போயிருந்தது. கேமராவின் முன் அவர் சொன்னது ஒன்று, பீரங்கிகளுக்கு வந்த கட்டளை வேறு.

25ஆம் தேதி நாட்டுக்கு இரண்டு தலைவர்கள். காலையில் கிளப் ஃபிலிப்பினோ என்ற மன்றத்தில் நீதிபதி கிளாடியோ டீஹாங்கி முன் கொராசோன் அக்கினோ பதவியேற்றார். நண்பகலில் மாளிகையில் மார்கோஸ் பதவியேற்றார். அதன் நேரலையும் பாதியில் துண்டிக்கப்பட்டது. அதற்கு முன்பே, அதிகாலையில், அமெரிக்க மேலவை உறுப்பினர் பால் லக்சால்ட், விலகுவதே வழி என்று தொலைபேசியில் அவருக்குச் சொல்லியிருந்தார். இரவு 9 மணியளவில் அமெரிக்க ஹெலிகாப்டர்கள் மார்கோஸ் குடும்பத்தைக் கிளார்க் விமானத் தளத்துக்கு ஏற்றிச் சென்றன. அங்கிருந்து குவாம் வழியாக ஹவாய் சேர்ந்த மார்கோஸ், 1989 செப்டம்பர் 28 அன்று ஹொனலுலுவில் இறந்தார்.

மதிப்பீடு

வாஷிங்டன் கைவிட்டதால்தான் மார்கோஸ் வீழ்ந்தார் என்று சொல்வோர் உண்டு. நாட்களின் வரிசை அதற்கு இடம் தரவில்லை. தேர்தலுக்கு நான்கு நாள் கழித்தும் அதிபர் ரீகன் மோசடி இரு தரப்பிலும் நடந்திருக்கலாம் என்றே பேசினார். அமெரிக்கா கைவிட்டபோது சாலை நிரம்பி இரண்டு நாள் ஆகியிருந்தது. இது படைக் கிளர்ச்சி மட்டுமே என்பதும் பொருந்தாது. மக்கள் வந்திராவிட்டால் என்ரிலேயும் ராமோஸும் முதல் இரவைத் தாண்டியிருக்க மாட்டார்கள். கணினி ஊழியர், அறிவிப்பாளர், விமானி, பீரங்கிப் படை அதிகாரி என்று கட்டளையை நிறைவேற்ற வேண்டியவர்கள் ஒவ்வொருவராக மறுத்ததும், மறுத்தவர்களைச் சுற்றி மக்கள் அரணாக நின்றதும் சேர்ந்தே ஆட்சியைச் சாய்த்தன.

பின்விளைவுகள்

அக்கினோ அரசியல் கைதிகளை விடுவித்தார். மார்கோஸ் குடும்பம் குவித்த சொத்தை மீட்க ஆணையம் அமைத்தார். புதிய அரசியலமைப்பு 1987 பிப்ரவரியில் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஆறாண்டுக்கு ஒரே ஒருமுறைதான் பதவி வகிக்கலாம் என்று அது வரையறுத்தது. ஆனால் உழவர்களுக்கு எட்சா தந்தது குறைவு. நிலச் சீர்திருத்தம் கேட்டு 1987 ஜனவரி 22 அன்று மெந்தியோலாப் பாலத்துக்கு ஊர்வலமாக வந்த உழவர்களைப் புதிய அரசின் படையினரே சுட்டார்கள். பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அக்கினோவின் பிறந்தகத்துக்குச் சொந்தமான லூயிசிட்டா பண்ணை நிலம் அவர் ஆட்சியில் உழவர்களுக்குப் பிரித்துத் தரப்படவில்லை, பங்குகள்தான் தரப்பட்டன. படைக்குள்ளிருந்து பல ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சிகள் கிளம்பின. 1989 டிசம்பரில் நடந்தது அவற்றுள் கடுமையானது.

சுவிஸ் வங்கிகளில் இருந்த 65 கோடி டாலருக்கு மேற்பட்ட மார்கோஸ் பணம் அரசுக்கே உரியது என்று பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. அதிலிருந்து 1,000 கோடி பெசோவை ஒதுக்கி, ஆட்சியில் வதைபட்டவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டம் 2013 பிப்ரவரி 25 அன்று கையெழுத்தானது. 75,000க்கு மேற்பட்டோர் விண்ணப்பித்ததில் 11,103 பேரைப் பாதிக்கப்பட்டோர் என அரசு ஏற்றது. மார்கோஸின் உடல் 2016இல் மாவீரர் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. 2022 மே மாதத் தேர்தலில் அவருடைய மகன் ஃபெர்டினாண்ட் மார்கோஸ் ஜூனியர் 3 கோடிக்கு மேல் வாக்குப் பெற்றுக் குடியரசுத் தலைவரானார். எட்சாவுக்குப் பின் எழுதிய அரசியலமைப்பின்படியே அவர் பதவியேற்றார். அதன்படி அவரது பதவிக்காலம் 2028 ஜூன் 30 அன்று முடிகிறது. மறுமுறை அவர் போட்டியிட முடியாது.