விருந்தினரும் அயலவரும்: புத்தளக் கரையில் நட்புறவின் வரலாறு

நட்பினைத் தனிமனித உள்ளத்தின் இயல்பாகவே நமது இலக்கிய மரபு பெரும்பாலும் கண்டுவந்துள்ளது. திருக்குறள் நட்பினை ஆராய்ந்து கொள்வதற்கு ஓர் அதிகாரத்தையும், நெடுநாட் பழகிய நட்பின் உரிமையைப் பேசுவதற்குப் ‘பழைமை’ என மற்றோர் அதிகாரத்தையும் வகுத்துள்ளது. ஆராய்வதற்குக் காலமும் பழகுவதற்கு நிலைத்த ஊரும் வாய்த்தோரை இவ்வதிகாரங்கள் மனங்கொண்டுள்ளன எனலாம். ஊரையும் பழைமையையும் ஒருசேர இழந்து, வளர்ந்த வயதில், அறியாத நிலத்தில் நட்பினைத் தொடக்கத்திலிருந்து தேட நேர்ந்தோரின் நிலை யாது? இவ்வினாவிற்கு விடைகாண இலங்கையின் வடமேற்கிலுள்ள புத்தளம் மாவட்டக் கரையோரத்தை நாம் எடுத்துக்கொள்கின்றோம்.

இக்கரை அந்நியரை அறியாத கரையன்று. 1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து இலங்கை வந்த மொறோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, தாம் ‘பத்தாலா’ எனக் குறிப்பிடும் பட்டினத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அப்பட்டினம் புத்தளமே என ஆய்வாளர் பலர் கொள்வர். மன்னன் அவருக்கு முத்துக்களை வழங்கியதோடு, ஆதம் மலைக்குச் செல்லப் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்தான். சிறந்த விருந்தோம்பல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் வந்தார், பெற்றார், சென்றார். அவருக்கு இங்கே காணியோ கிணறோ வேலையோ தேவைப்படவில்லை. விருந்தினர் அயலவராக மாறும்பொழுதே சமூக உறவுகளின் உண்மையான சோதனை தொடங்குகின்றது.

அச்சோதனை 1990இல் வந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் நடுப்பகுதி தொடக்கம் மாத இறுதிவரை, தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். ஒக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணிநேரமே. மன்னாரிலே தமிழ் மக்கள் சிலரும் கத்தோலிக்கக் குருமாரும் இதனைத் தடுக்க முயன்று தோற்றனர். மன்னார்த் தீவினர் பலர் வள்ளங்களிற் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். ஏனையோர் தரைவழியே வந்தனர். அன்று பறிபோனவை வீடும் நகையும் மட்டுமல்ல. தலைமுறைகளாகத் தமிழ் அயலவருடன் வளர்ந்த பழைமையும் ஒரே நாளில் அறுக்கப்பட்டது.

புத்தளத்து முஸ்லிம் மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் வீடுகளையும் வந்தோருக்குத் திறந்துவிட்டனர். உணவு சமைத்து வழங்கினர். தென்னந்தோட்டங்களிற் கிடுகுக் குடிசைகள் எழுந்தன. ஒரே மதம், ஒரே மொழி என்னும் உணர்வு இவ்வுதவிக்குத் துணைநின்றது. பொருளாதாரக் காரணிகளை வற்புறுத்தும் நாம் இதன் பெருமையைக் குறைத்து மதிப்பிடுவோமாயின் வரலாற்றைத் திரித்தவராவோம்.

எனினும், சில நாட்களுக்கெனக் கருதப்பட்ட புகலிடம் பல்லாண்டு வாழ்வாயிற்று. கற்பிட்டிக் குடாநாட்டின் வெங்காய, மிளகாய்த் தோட்டங்களுக்கும் கடற்றொழிலுக்கும் புதிய உழைப்பாளர் வந்துசேர்ந்தனர். கூலிக்கு ஆள் மிகுந்தால் நன்மை பெறுபவர் தோட்ட உடைமையாளரே. கூலியையே நம்பியிருந்த உள்ளூர் வறியோர் அல்லர். அரசின் உலருணவு நிவாரணம் இடம்பெயர்ந்தோருக்குக் கிடைத்தது. அருகிலிருந்த உள்ளூர் ஏழை அதனைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடிநீர், பாடசாலை, அரசாங்க உத்தியோகம் ஆகிய யாவும் போட்டிக்குரிய பொருள்களாயின. சில பாடசாலைகளில் உள்ளூர்ப் பிள்ளைகள் காலையிலும் இடம்பெயர்ந்த பிள்ளைகள் பிற்பகலிலும் கற்றனர். ஒரே வாங்கிலிருந்து படித்தும் ஒருவரையொருவர் காணாத குழந்தைகள் அவர்கள்! ‘அகதி’ என்னும் சொல் ஒரு நிலைமையைக் குறிப்பதை விடுத்து, ஒரு மக்கட் பிரிவின் பெயராகவே நிலைத்தது. எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த புவியியற் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ்வும், நோர்வே நாட்டு ஆய்வாளர் காத்ரின் புருணும் இந்நிலைமைகளை விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

இம்முரண்பாட்டினை நன்றியின்மை என்றோ மனமாற்றம் என்றோ விளக்குதல் பொருந்தாது. கொடுப்பவன், பெறுபவன் என்னும் உறவு எத்துணைக் கருணை நிறைந்ததாயினும் சமமற்ற உறவே. அதில் இரக்கம் வளரலாம். நட்பு வளர்தல் அரிது. கைமாற்று வாங்கியவர் என்றேனும் கைமாற்றுக் கொடுக்கும் நிலையை அடையும்பொழுதுதான் அயலவராகின்றார். இதே மாவட்டத்து உடப்பிலே கரைவலை இழுப்போர் அம்பாப் பாடல் பாடுவர். கயிற்றைப் பற்றிய கைகள் யாவும் ஒரே தாளத்தில் அசைந்தாலன்றி வலை கரைசேராது. கூட்டுழைப்பு மனிதரை நெருங்கச் செய்யும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. ஆனால், கரைசேர்ந்த மீனின் பங்கு நீதியானதாக இருந்தாலன்றி அந்நெருக்கம் நிலைக்காது என்பதும் உடன்வைத்து எண்ணத்தக்கது.

இவ்வகையில் 2007இல் உலக வங்கியின் நிதியுதவியுடன் தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டம் கவனத்திற்குரியது. கடனுதவி நிறுவனங்கள் பற்றிய எமது விமரிசனம் வேறு. ஆயினும், இடம்பெயர்ந்தோருடன் உள்ளூர் வறியோரும் அத்திட்டத்துட் சேர்க்கப்பட்டமை சரியான பாடத்தைக் கற்றதன் விளைவேயாகும். சொந்தக் காணியும் கல்வீடும் பெற்றவர் விருந்தினர் அல்லர். தம் கிணற்றில் நீரள்ள அயலவரை அழைக்கும் உரிமை அவருக்கு உண்டு. நாகவில்லுப் பகுதியில் எருக்கலம்பிட்டி என்னும் ஊர்ப்பெயர் மீண்டும் வேரூன்றியதும் இவ்வாறே. பழைய பெயரைக் கைவிடாமலே புதிய ஊரைத் தமதாக்கலாம் என்பதை அது காட்டுகின்றது.

2009இல் போர் முடிந்தபின் மற்றொரு சிக்கல் எழுந்தது. 1990இல் வந்தோர் தாயகம் திரும்ப விரும்பினர். புத்தளத்திற் பிறந்து வளர்ந்த அவர்தம் பிள்ளைகளுக்கோ மன்னாரும் யாழ்ப்பாணமுமே அறியாத நிலங்கள். தோழரும் மணவுறவினரும் புத்தளத்திலேயே இருந்தனர். முசலிப் பகுதியிற் காணிகளைக் காடு மூடியிருந்தது. திரும்பிச் சென்ற பலர் இரு ஊர்களுக்கும் இடையே வாழலாயினர். அங்கே அவர்களை எதிர்கொண்ட தமிழரிற் பலர் 1990இற்கு முந்திய அயலவரை அறியாத தலைமுறையினர். நட்பினை மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டிய நிலை இரண்டாம் முறையும் ஏற்பட்டது.

இங்குத் தமிழ் அறிவுலகின் பொறுப்பினைக் கூறாது விடுதல் தகாது. ஒரு மக்களின் பழைமையை நம் பெயரால் அறுத்தபோது நம்மிற் பெரும்பாலோர் மௌனித்திருந்தோம். இன்று நல்லிணக்கம் என்னும் பெயரில் விருந்துகளும் விழாக்களும் நடத்துவது எளிது. இபின் பதூதாவுக்கு மன்னன் செய்ததும் அதுவே. திரும்பிவரும் முஸ்லிம் மக்களைக் காணியிலும் தொழிலிலும் வாக்குரிமையிலும் சம உரிமையுடைய அயலவராக ஏற்பதே கடினமான பணி. அச்சமத்துவத்திற்காக அவர்களுடன் சேர்ந்து போராடும்பொழுதே, இழந்த பழைமைக்கு ஈடானதொரு புதிய நட்பிற்கு நாம் தகுதியுடையோராவோம்.