தமிழ்ப் பின்னப் பெயர்களும் கைவழிக் கல்வியும்

திண்ணைப் பள்ளியிற் கணக்கு வெறும் மனப்பாடமாகவே கற்பிக்கப்பட்டது என்பர் பலர். இக்கூற்று ஓரளவே பொருந்தும். வாய்பாடு ஒப்பித்தல் அங்கு முதன்மை பெற்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும், மாணவன் ஒப்பித்த பின்னப் பெயர்கள் அவன் கண்ணாற் கண்டும் கையால் அளந்தும் அறிந்த பொருள்களோடு பிணைந்திருந்தன. அப்பிணைப்பை விளக்குதலும், அஃது அறுந்தமையாற் கல்வெட்டுப் பயில்வோர்க்கு நேர்ந்துள்ள இடர்ப்பாட்டைச் சுட்டுதலும் இங்கு நம் நோக்கமாகும்.

முதற்கண் பெயர்களை நோக்குவோம். இருபதில் ஒரு பங்கு மா. எண்பதில் ஒரு பங்கு காணி. முந்நூற்றிருபதில் ஒரு பங்கு முந்திரி. இருபது மா கொண்ட நிலம் ஒரு வேலி. எனவே, மா என்பது பின்னத்தின் பெயராவதோடு நிலத்தின் பெயருமாகும். மாகாணி என்னும் சொல்லோ மாவும் காணியும் கூடியது. 1/20, 1/80 ஆகிய இரண்டையும் கூட்ட 1/16 வருகின்றது. சொல்லே கூட்டற்கணக்காய் நிற்றல் காண்க.

எண்சுவடியின் நெல்லிலக்கமும் இத்தகையதே. 360 நெல் ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. இரட்டிக்க இரட்டிக்க உழக்கு, உரி, நாழி என அளவுகள் வளரும். ஆகவே, நாழிக்கு 14,400 நெல். நாழியில் அரை உரி, கால் உழக்கு, அரைக்கால் ஆழாக்கு. இவை வீடுதோறும் புழங்கிய முகத்தலளவைகள். பள்ளியில் ஒப்பித்ததனை மாணவன் வீட்டில் அளந்து தெளிய இயன்றது.

இப்பின்ன முறையின் ஆற்றலைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளிற் காண்கிறோம். முதலாம் இராசராசன் காலத்து நிலக்கணக்கு, வேலியின் 5,242 கோடியே 88 இலட்சத்தில் ஒரு பங்கு வரை இறங்குகின்றது. வியத்தற்குரிய இவ்வெண், நான்கு 320-களின் பெருக்கத்தை ஐந்தாற் பெருக்கியதேயாகும். முந்திரிக்குக் கீழும் அதே வரிசை 'கீழ்' என்னும் அடைபெற்று மீண்டும் மீண்டும் வருதலே இதற்குக் காரணம்.

1957 ஏப்ரல் முதல் நாள் பதின்ம நாணயம் நடைமுறைக்கு வந்தது. ரூபாயின் மாகாணியாகிய அணா, அன்று ஆறேகால் நயா பைசாவுக்கு நேராயிற்று. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி மெட்ரிக் அளவைகளும் படிப்படியாகப் பரவின. கணக்கு எளிதாயிற்று என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், பழைய அளவைகள் மறையவே, பின்னப் பெயர்கள் அகராதிச் சொற்களாய் ஒடுங்கின. 'மாகாணி' என்பதற்குப் பொருள் கூறும் முதுகலை மாணவர், கல்வெட்டில் அஃது வருமிடத்துக் கூட்டிக் காண இயலாது தயங்குகின்றனர். கணக்கு விளங்காதவிடத்து நிலத்தின் அளவும் வரியின் சுமையும் விளங்கா.

இதற்குத் தீர்வு எளிது. வரிசைக்குப் பத்தாக எட்டு வரிசையில் எண்பது கட்டங்கள் வரைக. ஒரு கட்டம் காணி. நான்கு கட்டம் மா. மாவுக்கு ஒரு வண்ணமும் காணிக்கு மற்றொரு வண்ணமும் தீட்டினால், இரண்டும் சேர்ந்து அரை வரிசையை நிரப்பும். அத்தகைய அரை வரிசைகள் பதினாறு. இக்காலக் கணக்கிற் கூறின், மா 5 விழுக்காடு, காணி 1.25, மாகாணி 6.25. ஒவ்வொரு கட்டத்தையும் நான்காகப் பகுப்பின் முந்திரி புலனாகும். கல்வெட்டு வகுப்பின் முதல் நாளன்றே இப்பயிற்சியைத் தருதல் வேண்டும். பாடம் படித்தல் அதன் பின்னரே தொடங்குக.