பரங்கிமலை மூவடுக்குத் தொடர்வண்டி நிலையம்

பரங்கிமலை நிலையம் சென்னைக் கடற்கரை–தாம்பரம் புறநகர்த் தடத்தில் உள்ளது. இத்தடத்தில் 1931 முதல் மின்தொடர்வண்டிகள் ஓடுகின்றன. தூத்துக்குடியிலிருந்து எழும்பூர் வரும் முத்துநகர் விரைவுவண்டியும் இவ்வழியேதான் செல்கிறது. இப்போக்குவரத்தை நிறுத்திவிட்டுப் புதிய நிலையம் கட்ட வழியில்லை. தரையில் புறநகர் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்க, அருகிலேயே தூண்கள் எழுப்பப்பட்டன. நடு அடுக்கு பறக்கும் தொடர்வண்டிக்கு. மேல் அடுக்கு மெட்ரோவுக்கு. மெட்ரோ சேவை 2016 அக்டோபர் 14 அன்று தொடங்கியது.

நடு அடுக்கின் கதை வேறு. வேளச்சேரியிலிருந்து வரும் 5 கி.மீ. நீட்டிப்புப் பணி 2008இல் தொடங்கியும், ஆதம்பாக்கத்தில் ஏறத்தாழ 500 மீட்டர் தொலைவுக்கு நிலம் கையகப்படுத்துவதில் எழுந்த வழக்குகளால் பல ஆண்டுகள் முடங்கியது. ஓடும் வண்டிகளின் அருகே கட்டுவதைவிட, குடியிருப்புகளின் ஊடே அரை கிலோமீட்டர் இடம் பெறுவதே கடினமாயிற்று. வேளச்சேரியில் இறங்கியவர்கள் அதுவரை பேருந்திலேயே பரங்கிமலைக்கு வர வேண்டியிருந்தது.