தேக்கடி ஏரியில் சூரிய உதயம்: மூடுபனி கலைவதற்குள் நல்ல படம் எடுப்பது எப்படி?

"நேர்ல பார்க்க அவ்வளவு அழகா இருந்துச்சு, போன்ல எடுத்தா ஒண்ணுமே இல்லையே!" தேக்கடியில் காலைப் படகில் போய்த் திரும்புபவர்கள் பலரும் சொல்வது இதுதான். படத்தில் வானம் வெளுத்துப்போயிருக்கும், காடு கறுப்பாகக் கிடக்கும், பனி இருந்த இடமே தெரியாது. ஏன் இப்படி ஆகிறது? எப்படிச் சரிசெய்வது? பார்க்கலாம்.

தண்ணீருக்குள் மரங்கள் வந்தது எப்படி?

தேக்கடி ஏரி இயற்கையாக உருவானது அல்ல. பென்னிகுவிக் தலைமையில் முல்லைப் பெரியாறு அணை 1895-ல் கட்டி முடிக்கப்பட்டபோது, பள்ளத்தாக்கில் இருந்த காடு தண்ணீரில் மூழ்கியது. அப்போது பட்டுப்போன மரங்களின் கட்டைகள்தான் இன்னும் நீருக்கு மேல் நிற்கின்றன. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் அவற்றில் உட்கார்ந்து சிறகு உலர்த்தும். ஏரியில் நீர் குறைந்தால் கட்டைகள் உயரமாகத் தெரியும். நீர் நிறைந்தால் நுனி மட்டும்தான்.

பனி எப்போது கிடைக்கும்?

இரவில் காற்று சீக்கிரம் குளிர்ந்துவிடும். ஏரி நீரோ சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். நீரிலிருந்து எழும் ஈரம் குளிர்ந்த காற்றில் பட்டு, நுண்துளிகளாகி மிதக்கிறது. அதுதான் மூடுபனி. மேகமில்லாத, காற்றடிக்காத இரவுக்கு அடுத்த காலையில் வாய்ப்பு அதிகம். அதனால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். வெயில் ஏற ஏற பனி கலைந்துவிடும்.

எத்தனை மணிக்குப் போகணும்?

இங்கே ஜனவரியில் 6.40 மணியை ஒட்டியும், மே மாதக் கடைசியில் 6 மணியை ஒட்டியும் சூரியன் உதிக்கும். முதல் படகு வழக்கமாக 7.30 மணிக்குத்தான். "அப்போ உதயம் போச்சே" என்று நினைக்க வேண்டாம். மலையும் மரங்களும் மறைப்பதால், வெயில் தண்ணீரில் விழக் கொஞ்சம் தாமதமாகும். அந்தச் சாய்ந்த ஒளி பனிக்குள் நுழையும் நேரம்தான் நமக்கு வேண்டியது. குளிர்காலம் இதற்கு இன்னும் சாதகம். நேரமும் டிக்கெட்டும் மாறக்கூடும் என்பதால் முதல் நாளே உறுதி செய்துகொள்ளுங்கள்.

படம் ஏன் கெடுகிறது?

வெளிச்சமான வானத்தையும் இருண்ட காட்டையும் கண் மாறி மாறிப் பார்த்துச் சமாளித்துவிடும். கேமராவால் ஒரே கிளிக்கில் இரண்டையும் முழுதாகப் பிடிக்க முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். உதய நேரத்தில் வானத்தைக் காப்பாற்றுவதே நல்லது. மரக்கட்டைகள் நிழலுருவமாகவே அழகுதான்.

போனில் எடுப்பவர்களுக்கு

* லென்ஸை மெல்லிய துணியால் துடையுங்கள். பாதிப் பிரச்சனை அதிலேயே தீரும்.
* திரையில் வானத்தின் வெளிச்சமான பகுதியை அழுத்திப் பிடித்தால் ஒளி அளவு பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள்.
* விரலால் ஜூம் செய்யாதீர்கள், படம் உடையும். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்.

கேமராவில் எடுப்பவர்களுக்கு

* ரா ஃபார்மேட்டில் எடுங்கள். ஒயிட் பேலன்ஸ் 'டேலைட்'டில் இருக்கட்டும். ஆட்டோவில் விட்டால் காலைப் பொன்னிறத்தைக் குறைத்துவிடலாம்.
* கரையில் டிரைபாட், ஐஎஸ்ஓ 100, எஃப்/8 முதல் எஃப்/11 சரியாக வரும். படகில் டிரைபாட் பயன்படாது. ஷட்டர் 1/250-க்குக் குறையாமல் வைத்து ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள்.
* ஃபிரேம் முழுக்க வெண்பனி என்றால் கேமரா ஏமாந்து படத்தைச் சாம்பலாக்கும். எக்ஸ்போஷரை +0.7 முதல் +1 வரை கூட்டுங்கள்.
* போலரைசர் மாட்டினால் தண்ணீரில் தெரியும் பிம்பமும் மங்கக்கூடும், கவனம்.
* ஏசி அறையிலிருந்து எடுத்து வந்த உடனே கேமராவைத் திறந்தால் லென்ஸில் ஆவி படியும். அரை மணி நேரம் பையிலேயே மூடி வையுங்கள்.
* டெலி லென்ஸ் வழியாகச் சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. கண் பார்வையே பாதிக்கப்படலாம்.

படத்துக்காக எழுந்து ஓடலாமா?

கூடவே கூடாது. 2009 செப்டம்பர் 30-ல் இதே ஏரியில் 'ஜலகன்யகா' படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. கரையில் யானை தெரிந்தாலும் இருக்கையை விட்டு எழாதீர்கள், லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். போன வழியாகவே படகு திரும்பி வரும். போகும்போது எதிர்ப்பக்கம் இருந்த கரை, வரும்போது உங்கள் பக்கம் வந்துவிடும். ஒளி கொஞ்சம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம்: இது புலிகள் காப்பகம். அனுமதியில்லாமல் டிரோன் பறக்கவிடக் கூடாது. படத்துக்காக விலங்குகளைச் சத்தம் போட்டு அழைப்பதும், தனியாகக் காட்டுக்குள் இறங்குவதும் ஆபத்து.

ஒருவேளை அன்று பனியே இல்லையா? கவலை வேண்டாம். காற்றடிக்காத காலையில் தண்ணீர் கண்ணாடி போல நிற்கும். ஒற்றை மரக்கட்டையும் அதன் பிம்பமுமே ஒரு நல்ல படத்துக்குப் போதும்.